ஒரே ஒரு ஜப்பானிய வாள் வாங்குவதென்றால்: பழையதா, புதிதாகச் செய்யச் சொல்வதா?

ஜப்பானில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் முன் அசல் வாள் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் உண்டு. காசு சேர்ந்ததும் வரும் முதல் குழப்பம், பல நூறு வருடப் பழைய வாளை வாங்குவதா, இன்று உலையடியில் நிற்கும் ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்வதா என்பது. புதிது என்று முடிவானால் அடுத்த கேள்வி, எந்த மரபு? அதற்கும் அடுத்தது, நீளமான கட்டானாவா, சிறிய தாந்தோவா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வாள்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், இன்றைய கொல்லர் ஒருவர் செய்த, நேர்கோட்டு ஹாமோன் (வாய்ப்பகுதியை ஒட்டித் தெரியும் வெண்கோடு) உள்ள தாந்தோவை வாங்குங்கள். ஏன் என்று சொல்ல மற்ற வழிகளையும் பார்த்தாக வேண்டும்.

சில வழிகளை உடனே ஒதுக்கிவிடலாம். பயிற்சிக்கான இயாய்தோ துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தில் வார்த்தது. கூர் கிடையாது. வாள்வீச்சு பழகுபவருக்கு அது அவசியமான கருவி, ஆனால் நாம் தேடுவது அதை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவ அதிகாரிகளுக்காகத் தொழிற்சாலை எஃகில் செய்து குவித்த ஷோவா வாள்கள் வெளிநாட்டுச் சந்தையில் நிறையக் கிடைக்கும். அவற்றை ஜப்பானுக்குள் பதிவு செய்யவே முடியாது. அந்தக் காலத்து வாள் எல்லாமே அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். டோக்கியோவில் யாசுகுனி கோயில் வளாகத்தில் 1933 முதல் 1945 வரை நடந்த பட்டறையில் மரபு முறைப்படி சுமார் 8,100 வாள்கள் செய்தார்கள். அவை வேறு தரம்.

ஹாமோன் கோட்டைக் காட்டிலும் எஃகைப் பாருங்கள்

வாளைக் கையில் எடுக்கும் யாருக்கும் கண் முதலில் போவது ஹாமோனுக்குத்தான். வாய்ப்பகுதியை ஒட்டி வெண்மையாக ஓடும் அந்தக் கோடு அழகுக்காக வரைந்தது இல்லை. களிமண், கரித்தூள், தீட்டுக்கல் தூள் மூன்றையும் குழைத்து, முதுகுப் பக்கம் தடிமனாகவும் வாய்ப்பக்கம் மெல்லிசாகவும் பூசி, காயவைத்து, சூடேற்றித் தண்ணீரில் தோய்ப்பார்கள். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டென்று ஆறிக் கெட்டியாகிறது. முதுகு மெதுவாக ஆறி, அடி தாங்கும் பதத்தில் நிற்கிறது. கெட்டியாகும் எஃகு கொஞ்சம் பருமன் கூடுவதால் வாள் முதுகுப் பக்கமாக வளைகிறது. அந்த வளைவில் பெரும்பங்கு தோய்க்கும் நேரத்தில்தான் பிறக்கிறது, அதனால் கொல்லர் முன்கூட்டியே அதைக் கணக்குப் போட்டுக் குறைவாக வளைத்து வைத்திருக்க வேண்டும். சூடேறிய எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் பதத்தை முடிவு செய்ய முடியும் என்பதால் பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள். இங்கே தவறினால் வாயில் வெடிப்பு விழும், அதுவரை செய்த அத்தனை வேலையும் போகும்.

ஹாமோன் இப்படி ஆபத்தான ஒரு நொடியில் பிறப்பதால் அதன் மேல் எல்லோருக்கும் மயக்கம். ஆனால் இரண்டு கொல்லர்களை ஒப்பிட வேண்டும் என்றால் நான் பார்க்கச் சொல்வது அந்தக் கோட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் இருக்கும் எஃகுப் பரப்பை. ஜிகானே என்பார்கள். அதில் மரத்தின் ரேகை மாதிரி ஓடும் நெளிவுகள்தான் ஹாதா. எஃகை வெட்டி மடித்து அடித்ததன் தடம் அது. ஹாமோனின் வடிவத்தைக் கைத்திறன் உள்ள ஒருவர் நினைத்தபடி ஓரளவு கொண்டுவந்துவிடுவார். ஜிகானேயில் நினைத்ததெல்லாம் வராது. மண், கரி, நெருப்பு, பொறுமை எல்லாம் அதில் தெரியும்.

அந்த எஃகு எங்கிருந்து வருகிறது? ஷிமானே மாகாணத்தில் ஒகுயிசுமோ என்ற மலையூரில் இருக்கும் ததாரா உலையிலிருந்து. போருக்குப் பிறகு நின்றுபோயிருந்த உலையை ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் 1977-இல் மீண்டும் மூட்டியது. குளிர்காலத்தில் மட்டுமே எரியும். மூன்று பகல் மூன்று இரவு தொடர்ந்து சுமார் 10 டன் இரும்பு மணலையும் 12 டன் மரக்கரியையும் மாறி மாறிப் போடுவார்கள். கடைசியில் களிமண் உலையையே உடைத்து, சுமார் 2.5 டன் எடையுள்ள எஃகுக் கட்டியை இழுத்தெடுப்பார்கள். அதை உடைத்துத் தரம் பிரித்தால் வாளுக்கு உகந்த நல்ல தமஹாகனே ஒரு டன்னுக்கும் குறைவாகத்தான் தேறும். உரிமம் பெற்ற கொல்லர்களுக்கு அதைப் பங்கிட்டுத் தருகிறார்கள்.

கொல்லர் கைக்கு வரும்போது அது கரடுமுரடான துண்டு. தட்டையாக்கி, தண்ணீரில் ஆறவைத்து, உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்துக் கரிமம் கூடியது எது, குறைந்தது எது என்று பிரிப்பார். பொறுக்கிய துண்டுகளை அடுக்கி, ஜப்பானியத் தாளில் சுற்றி, வைக்கோல் சாம்பலும் களிமண் கரைசலும் பூசி உலையில் வைப்பார். ஒன்றாக ஒட்டியதும் நீட்டி, குறுக்கே வெட்டி, மடித்து, மறுபடி அடி. 15 முறை மடித்தால் கணக்குப்படி 32,768 அடுக்கு. மடிக்க மடிக்க மாசு வெளியேறுகிறது, கரிமம் பரவலாகிறது, கூடவே குறையவும் செய்கிறது. ஒரு மடிப்பு கூடிப்போனால் எஃகு சோர்ந்துவிடும். 8 முதல் 10 கிலோ தமஹாகனேயில் தொடங்கி ஒரு கிலோவுக்கும் குறைவான அலகில் முடிவது சாதாரணம். அப்புறம் உள்ளே மென்மையான எஃகை வைத்து வெளியே இந்தக் கெட்டி எஃகைப் போர்த்துவார்கள். வாங்கப்போகும் வாள் எதுவானாலும், இத்தனை முடிவுகளும் அதில் எப்படி விழுந்திருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய வாள்

1596-க்கு முந்தைய வாள்களைக் கொதோ என்கிறார்கள். ஜிகானே விஷயத்தில் இவற்றுக்கு இணை இல்லை. இன்றைய கொல்லர்களே அதைத்தான் சொல்வார்கள். பிசென் மாகாணத்து ஓசாஃபுனே, அதாவது இன்றைய ஒகாயாமாவின் செத்தோவுச்சி நகரம், காமகுரா காலத்திலிருந்து (1185-1333) மித்சுதாதா, நாகமித்சு, காகெமித்சு என்று வரிசையாகப் பெரிய கைகளைத் தந்த ஊர். யோஷியி ஆற்றங்கரையில் இருந்ததால் தண்ணீரும் படகுப் போக்குவரத்தும் வாய்த்தன. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே ஆறு பெருகி ஊரை அழித்தது. அந்த வாள்களில் உத்சுரி என்று ஒன்று தெரியும். ஹாமோனுக்கு மேலே, எஃகின் உடம்பில், பனி படர்ந்ததுபோல மங்கலான வெண்மை. வெளிச்சத்துக்கு எதிரே வாளைச் சாய்க்கும்போது மட்டும் எழுந்து வரும். பிந்திய காலத்து வாள்களில் அது ஏறக்குறைய இல்லாமலே போனது.

ஆக, பணமும் வாய்ப்பும் இருந்தால் கொதோதானே? கையில் கிடைப்பது என்ன என்பதில்தான் சிக்கல். உச்சத்தில் இருப்பவை விலைக்கு வராது, வந்தால் எட்டாது. 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் உயேசுகி கென்ஷின் வைத்திருந்த, பிசெனின் இச்சிமோன்ஜி கொல்லர் வழியில் வந்த சன்சோமோ என்ற வாளை, அது பிறந்த மண்ணுக்கே கொண்டுவர வேண்டும் என்று செத்தோவுச்சி நகராட்சி ஊர் ஊராக நன்கொடை திரட்டி 2020-இல் வாங்கியது. விலை சுமார் 50 கோடி யென். சாதாரண சேமிப்பில் கிடைக்கும் கொதோ எப்படி இருக்கும்? பெரும்பாலும் செய்தவர் பெயர் வெட்டாதது. அல்லது பிற்காலத்தில் நீளம் குறைப்பதற்காகக் கைப்பிடிக்குள் இருக்கும் காம்புப் பக்கம் வெட்டப்பட்டு, பெயரும் அதோடு போனது. ஒவ்வொரு முறை மெருகு போடும்போதும் வெளித்தோல் தேய்கிறது என்பதால், பல நூறு வருட மெருகில் மெலிந்து, சில இடங்களில் உள்ளே இருக்கும் மென்மையான எஃகே எட்டிப் பார்க்கும். களைத்த வாள் என்பார்கள் அதை. எந்த ஜிகானேக்காகப் பழைய வாளைத் தேடினோமோ, அதுவே தேய்ந்துபோயிருக்கும். எனக்கு இது பெரிய ஏமாற்றமாகத் தோன்றுகிறது.

பெயர் வெட்டியிருந்தால் வேறு கவலை. பிரபலமான கொல்லர்களின் பெயரைப் போலியாக வெட்டுவது பல நூறு வருடமாக நடக்கிறது. எடோ காலத்துக் (1603-1868) கொல்லர் கொதேத்சுவின் பெயர் இருந்தாலே முதலில் சந்தேகப்படுங்கள். வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ் இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். அதிலும் ஹோசோன், தொகுபேத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபேத்சு ஜூயோ என்று படிகள் உண்டு. முதல் இரண்டு படிகளில் நல்ல வாள் கிடைக்கும். ஆனால் சான்றிதழ் இது யார் கை, எந்தக் காலம் என்பதைத்தான் சொல்கிறது. வாள் களைத்திருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும், அதற்குப் பல வருடம் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

எடோ காலத்து வாள்கள் நடுவழி. அலகு திடமாக இருக்கும், பெயர் இருக்கும், ஒசாகாவின் சுகெஹிரோ போட்ட அலை வடிவ ஹாமோன் போல் கண்ணைக் கவரும் வேலைகளும் உண்டு. ஜிகானே மட்டும் பொதுவாகக் கொதோ அளவுக்குப் பேசாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுயிஷின்ஷி மசஹிதே என்ற கொல்லரே, பழைய முறைக்குத் திரும்புங்கள் என்று எழுதியும் பேசியும் சீடர்களைச் சேர்த்தார். வரலாற்றில் ஒரு துண்டு வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் இந்தக் காலத்து வாள் நல்ல தேர்வு. அதற்கு மேல் இதைப் பற்றி நீட்ட எனக்கு ஒன்றுமில்லை.

இன்றைய கொல்லர்

1945-க்குப் பிறகு ஆக்கிரமிப்புப் படை வாள் செய்வதை நிறுத்தியது. 1953-இல்தான் உரிமத்தோடு மறுபடி தொடங்கினார்கள். இன்று ஒருவர் வாள்கொல்லராக வேண்டுமானால் உரிமம் உள்ள கொல்லரிடம் குறைந்தது 5 வருடம் சீடராக இருக்க வேண்டும், அரசின் பண்பாட்டு முகமையின் பயிற்சியையும் முடிக்க வேண்டும். உரிமம் வந்த பிறகும் மாதத்துக்கு நீள வாள் 2 அல்லது சிறிய வாள் 3, அவ்வளவுதான் செய்ய அனுமதி. அவசரமாகச் செய்து தரம் கெடக்கூடாது என்பதற்காக வைத்த வரம்பு. நடைமுறையில் நல்ல கொல்லர்கள் அந்த எண்ணிக்கையைக்கூடத் தொடுவதில்லை.

புது வாளில் கிடைப்பது முதலில் ஆரோக்கியம். கொல்லர் நினைத்த தடிமன், நினைத்த வளைவு, தேயாத எஃகு அப்படியே இருக்கிறது. அடுத்தது உரையாடல். இந்த மாதிரி வேண்டும் என்று சொல்லலாம், எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கலாம். 700 வருடத்துக்கு முந்தைய கையிடம் அதைக் கேட்க முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது காரணம். இந்தத் தொழில் ஆர்டர்களால்தான் பிழைத்திருக்கிறது. பழைய வாளை வாங்கினால் பணம் வியாபாரிக்குப் போகிறது. புது வாளை வாங்கினால் கொல்லருக்கும், மெருகு போடும் தோகிஷிக்கும், மக்னோலியா மரத்தில் உறை செய்பவருக்கும், அலகின் அடியில் ஹாபாகி என்ற பூணைச் செய்பவருக்கும் போகிறது. நான்கு பேர் கை இல்லாமல் ஒரு வாள் முடிவதில்லை. கொல்லரிடம் நிற்கும் சீடனுக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஜிகானே? பழையதற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடைவெளி நான் முன்பு நினைத்திருந்த அளவு பெரியதில்லை. நீகாதாவின் அமாதா அகித்சுகு, வாங்கும் எஃகு போதாது என்று தானே இரும்பு மணலை உருக்கி எஃகு தயாரித்தவர். 1997-இல் அவருக்கு வாழும் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி கிடைத்தது. நாராவின் காவாச்சி குனிஹிரா பழைய பிசென் வாளின் உத்சுரியை விடாமல் துரத்தி, கடைசியில் தான் செய்த தாச்சி என்ற நீள வாளில் அதைக் கொண்டுவந்தார். 2014-இல் அதற்குப் புது வாள் போட்டியின் உச்சப் பரிசான மசமுனே விருது கிடைத்தது. போய்விட்டது என்று நினைத்த ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்த கையை நம்மோடு வாழும் காலத்திலேயே பார்க்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம்!

விலையைப் பொறுத்தவரை, பெயர் பெற்ற கொல்லரின் கட்டானா 10 லட்சம் யென்னைத் தாண்டித்தான் தொடங்கும். போட்டிகளில் தொடர்ந்து வென்று, இனித் தேர்வுக்கு உட்பட வேண்டாத முகான்சா நிலைக்கு உயர்ந்தவர்களிடம் அதைப் போலப் பல மடங்கு. காத்திருப்பும் மாதக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் போகலாம்.

எந்த மரபு?

பழைய மரபுகள் ஐந்து: யமாதோ, யமாஷிரோ, பிசென், சோஷூ, மினோ. இன்றைய கொல்லரிடம் போகும்போது பேச்சு பெரும்பாலும் பிசெனா சோஷூவா என்றுதான் வந்து நிற்கும்.

பிசென் முறையில் ஒப்பீட்டளவில் குறைந்த சூட்டில் தோய்ப்பார்கள். ஹாமோன் ஓரத்தில் இருக்கும் எஃகுத் துகள்கள் தனித்தனியாகத் தெரியாத அளவுக்கு நுண்மையாகி, பால்வெண் மூட்டமாக நிற்கும். அதற்கு நியோய் என்று பெயர். கோடு கிராம்பு மொட்டு வடிவத்தில் எழுந்து எழுந்து ஓடும். இதை இஷிகாவாவின் சுமிதானி மசமினே தனக்கே உரிய பாணியாக வளர்த்தார், டோக்கியோவின் யோஷிஹாரா யோஷிந்தோவும் இதில் உலகப் பெயர் பெற்றார். எட்டி நின்று பார்த்தாலும் அழகு தெரியும், வீட்டுக்கு வருபவர் யாருக்கும் பிடிக்கும்.

சோஷூ, பெரும்புகழ் பெற்ற பழைய கொல்லர் மசமுனேயின் மரபு. காமகுராவில் ஷிந்தோகோ குனிமித்சு தொடங்கி, யுகிமித்சு, மசமுனே, சதமுனே என்று வளர்ந்தது. சூட்டைக் கூட்டித் தோய்ப்பதால் துகள்கள் பெரிதாகித் தனித்தனியாக மின்னும், இது நியே. கரிமம் கூடியதும் குறைந்ததுமான எஃகைக் கலந்து அடிப்பதால் ஜிகானேயில் கருமையான இழைகளும், ஹாமோனுக்குள் மின்னல் கீற்று போன்ற ஒளிக்கோடுகளும் வரும். வெற்றி பெற்ற சோஷூ வாளைப் போல் ஆழமானது வேறில்லை என்பேன். ஆனால் சூடு கூடக்கூட வெடிப்பு அபாயமும் கூடும், துகள்கள் சீராக விழாமல் திட்டுத் திட்டாகப் போவதும் உண்டு. நகானோ மாகாணம் சகாகியில் இருந்த மியாயிரி அகிஹிரா இந்த மரபுக்காக வாழ்ந்தவர். அவர் பட்டறையில் பயின்றவர்கள் பலர். சோஷூதான் வேண்டும் என்றால் அப்படி வழிவழியாக அந்த முறையில் ஊறியவரிடம் மட்டுமே போங்கள். பிசென் செய்யும் ஒருவரிடம் போய், எனக்காக ஒரு மசமுனே பாணி என்று கேட்பது இருவருக்கும் நல்லதில்லை.

நாராவின் சகுராயில் கஸ்ஸான் குடும்பம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக, அலைபோல் சீராக நெளியும் அயாசுகி ஹாதாதான் அவர்கள் அடையாளம். ஜிகானேக்காகவே வாள் வாங்குபவருக்கு இது இயல்பான தேர்வு. மினோ மரபின் செகி இன்று கத்திகளுக்குப் பெயர்போன ஊர்.

நான் கைகாட்டுவது யமாஷிரோவின் சுகுஹாவை. பழைய கியோத்தோ கொல்லர்களின் நேர்கோட்டு ஹாமோன். வேலை குறைவு என்று தோன்றும், உண்மை தலைகீழ். அலையும் மொட்டும் உள்ள கோட்டில் சின்னச் சறுக்கல் கூட்டத்தோடு கலந்துவிடும். நேர்கோட்டில் ஓரிடம் தளர்ந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கோட்டில் வேடிக்கை இல்லாததால் பார்வை தானாக ஜிகானேக்குப் போகிறது. மியாயிரியிடம் பயின்ற குன்மாவின் ஓசுமி தோஷிஹிரா, தன் குரு சோஷூவில் நின்றபோதும், தான் சுகுஹாவையே எடுத்துக்கொண்டு அதிலேயே தேசியப் பொக்கிஷத் தகுதி வரை போனார்.

அப்புறம் அளவு. கட்டானா என்றால் 60 சென்டிமீட்டருக்கு மேல், தாந்தோ 30-க்குள். தாந்தோ விலை குறைவு என்பது ஒரு காரணம் மட்டுமே. முழு அலகையும் ஒரே பார்வையில், ஒரே வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது. எஃகின் நுணுக்கத்தைப் பார்க்கப் பழகும் ஒருவருக்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது. அவாதகுச்சி யோஷிமித்சு, ஷிந்தோகோ குனிமித்சு இருவரும் சுகுஹா தாந்தோவில்தான் நிகரில்லாத பெயர் வாங்கினார்கள். சாமுராய் வாளின் கம்பீரம்தான் வேண்டும் என்பவருக்குத் தாந்தோ நிறைவு தராது. அவர் பணத்தைச் சேர்த்துக்கொண்டு பிசென் பாணிக் கட்டானாவுக்குப் போகட்டும், அதில் தவறே இல்லை.

கொல்லரைத் தேர்ந்தெடுக்கும் முன் டோக்கியோ ரியோகோக்குவில் இருக்கும் வாள் அருங்காட்சியகத்தில் அந்த வருடப் போட்டி வாள்களைப் பாருங்கள். ஒரே கொல்லரின் பல வருட வேலையைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பரிசு வாளை வைத்து முடிவு செய்யாமல், அவர் ஆர்டருக்குச் செய்து கொடுத்த வாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மெருகு, உறை, ஹாபாகி எல்லாம் சொன்ன விலைக்குள் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கட்டானாவுக்கு மெருகு மட்டுமே சில லட்சம் யென் ஆகும்.

ஜப்பானில் வாள் வைத்திருக்க ஆளுக்கு உரிமம் தேவையில்லை. வாளுக்குத்தான் பதிவுச் சீட்டு. அது வாளோடு எப்போதும் இருக்க வேண்டும், கை மாறினால் 20 நாளுக்குள் மாகாணக் கல்வி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவரும் வாங்கலாம். நாட்டை விட்டு எடுத்துப் போகப் பண்பாட்டு முகமையின் சான்று வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். இந்தியாவில் வாளும் குத்துவாளும் ஆயுத விதிகளுக்குள் வரும் பொருள்கள், வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கானது அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளும் கத்திக்கும் அதே கதிதான். அதனால் ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் உரிமம், சுங்கம் இரண்டையும் முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கொல்லருக்கு முன்பணம் கொடுங்கள்.